நெஞ்சுக்குள் ஒரு பாபின்

"உண்மையைச் சொல்லுங்க. பேஸ்மேக்கரைத் திருகினீங்களா இல்லையா?"

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தோலுக்கடியில் வைத்த பெட்டி பல சுற்று திரும்பியிருந்தது. அதிலிருந்து இதயத்துக்குப் போகும் ஒயர் பெட்டியையே சுற்றிக்கொண்டு, முனை இடத்தைவிட்டு நழுவியிருந்தது. மனுஷனுக்கு மறுபடி தலைசுற்றல் வராமல் என்ன செய்யும்?

"பாபின்ல நூல் சுத்தின மாதிரியில்ல இருக்கு!" என்றாள் மனைவி. முப்பது வருடமாகத் தையல் மிஷினோடு குடித்தனம் நடத்துகிறவள். "எனக்கு அப்பவே தெரியும் டாக்டர். இவர் கை சும்மா இருக்காது. ரேடியோவைக் கழட்டினார், மிக்ஸியைக் கழட்டினார், இப்பத் தன்னையே கழட்டிக்கிட்டார்!"

டாக்டர் கணவர் பக்கம் திரும்பினார்.

"மறுபடி ஆபரேஷன் பண்ணி ஒயரைச் சரி செய்யணும். இன்னொரு தடவை இப்படி ஆனா உயிருக்கே ஆபத்து. புரியுதா?"

"புரியுது டாக்டர். என் தப்புதான்."

"தப்பாம்! சின்னப் பிள்ளை தோத்துது போங்க!"

அட்மிஷன் பாரம் நிரப்ப அவள் வெளியே போனாள். கதவு சாத்தும்வரை திட்டு கேட்டது.

சாத்தியதும் அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"நான் தொடவே இல்ல டாக்டர். அவதான்."

"அவங்களா?"

"மத்தியானம் நான் தூங்கறேன்னு நினைச்சு, பக்கத்துல வந்து உக்காருவா. பெட்டி ஓடுதான்னு நெஞ்சுல கை வச்சுப் பாப்பா. லேசா ஆடும். லூசாயிடுச்சுன்னு பயந்து ஒரு சுத்து இறுக்கி விட்டுட்டுப் போவா. மிஷின்ல எது ஆடினாலும் அப்படித்தானே அவளுக்குப் பழக்கம்? அவளாலதான்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா. பழி என் மேலயே இருக்கட்டும்."

டாக்டரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "முழிச்சிக்கிட்டே சும்மாவா படுத்திருந்தீங்க?"

"ஒயர் சுத்திக்கும்னு எனக்கென்ன தெரியும்? கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷத்துல, அவ திட்டாம என் பக்கத்துல உக்காந்தது அந்த அஞ்சு நிமிஷம்தான்."

"சரி, கவலைப்படாதீங்க. இனிமே யாருமே அதைத் தொடக் கூடாதுன்னு பொதுவாச் சொல்லிடறேன்."

அவர் பதறி எழுந்தார்.

"ஐயோ டாக்டர்! திருகக் கூடாதுன்னு மட்டும் சொல்லுங்க. தொடக் கூடாதுன்னு சொல்லிடாதீங்க!"