தட்டில் ஒரு புள்ளி

தொலைபேசி மணி ஏழெட்டு முறை அடித்த பிறகுதான் நெமோதோ எடுத்தார்.

மிசாவோ தன் பெயரைச் சொன்னாள். அந்தப் பக்கம் எதையோ கிளறிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

முப்பத்தொரு வருடமாகப் புத்தாண்டு அட்டையில் மட்டும் பேசிக்கொண்டவர்கள். அவருடைய தீவுக்குப் படகில் ஒரு மணி நேரம்தான். அவள் ஒருமுறைகூடப் போனதில்லை. எந்த முகத்தோடு போவது?

எதிரே கணினித் திரையில், காலையில் வந்த பரிசோதனை முடிவு திறந்தபடி இருந்தது.

மார்ச் கடைசியில் அவளுக்கு ஓய்வு. ஆய்வகத்தின் பழைய உறைபெட்டியைக் காலி செய்யும் வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது. அடித்தட்டில் பனி மூடிக் கிடந்த ஒரு பெட்டியில் ஒரு குப்பி இருந்தது. அவள் அதுவரை பார்த்திராத குப்பி. மூடியில் நெமோதோவின் கையெழுத்து. எழுதியிருந்தது அவள் பெயர்.

அப்போது அந்த அறையில் அவர்கள் இரண்டு பேர்தான்.

பாக்டீரியாவின் மரபணுக்களை நீக்கி நீக்கி, எது இல்லாமல் அது பிழைக்கிறது, எது இல்லாமல் சாகிறது என்று பார்ப்பது வேலை. நாள் முழுக்கப் பல்குச்சியால் பாக்டீரியாவைத் தொட்டுத் தொட்டு, அது வளரும் சத்துக்கூழ்த் தட்டில் தேய்க்க வேண்டும். நெமோதோ வானொலியில் பேஸ்பால் கேட்டுக்கொண்டே தேய்ப்பார். பாக்டீரியாவுக்கென்று வைத்திருந்த வெந்நீர்த் தொட்டியில் டப்பாக் காபியை மிதக்கவிட்டுச் சூடாக்கி, அவளுக்கும் ஒன்று நீட்டுவார். மறுநாள் தட்டு வெறுமையாக இருந்தால், பிள்ளைகள் எல்லாம் இன்று லீவு என்று பேராசிரியரின் குரலிலேயே அறிவிப்பார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

அந்த அறையின் வாசனையே வேறு. கொதித்து ஆறிய சூப்பு மாதிரி இருக்கும். புது ஆட்கள் மூக்கைச் சுளிப்பார்கள். அவளுக்கு இப்போது நினைத்தாலும் பசிக்கும்.

இரண்டு மரபணுக்கள் இருந்தன. ஒன்றை நீக்கினால் பாக்டீரியா தாங்கிக்கொள்ளும். மற்றதை நீக்கினாலும் தாங்கும். இரண்டையும் நீக்கினால் செத்துப்போகும். பேராசிரியர் இதை மாநாட்டிலேயே சொல்லிவிட்டு வந்திருந்தார்.

கடைசிச் சரிபார்ப்புத் தட்டு மிசாவோ தேய்த்தது. அதில் எதுவும் முளைக்கக்கூடாது.

ஒரு புள்ளி முளைத்திருந்தது.

மேசையில் எப்போதும் இரண்டு கண்ணாடிக் குவளைகள் இருக்கும். ஒன்றில் ஆவியில் வேகவைத்த சுத்தமான பல்குச்சிகள், மற்றதில் பாக்டீரியாவைத் தொட்டு முடித்த அழுக்குக் குச்சிகள். எதிலிருந்து எடுத்தாய் என்று பேராசிரியர் கேட்டார். அவளுக்கு ஞாபகம் வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

குவளைகளை இடம் மாற்றி வைத்தது நான்தான் என்று நெமோதோ முன்னால் வந்து தலை குனிந்தார். பொய். அன்று காலை முழுக்க அவர் அந்த மேசைப் பக்கமே வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் அவர் வேலையை விட்டுவிட்டுத் தீவுக்குப் போனார், அப்பாவின் சோயா சாஸ் பட்டறைக்கு.

இப்போது மிசாவோ, சீட்டில் எழுதி வைத்திருந்ததைத் தொலைபேசியில் படித்தாள். குப்பியில் இருந்ததை உயிர்ப்பித்து, மரபணு வரிசையைப் படிக்க அனுப்பியிருந்தாள். அந்த இரண்டு மரபணுக்களும் அதில் இல்லை. மூன்றாவது ஒன்றில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. போன இரண்டின் வேலையையும் அதுதான் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்திருக்கிறது. குச்சியில் அழுக்கில்லை. யாருடைய கையும் தவறவில்லை.

சீட்டில் அடுத்த வரி மன்னிப்பு. அதைப் படிக்காமல் சீட்டை மடித்தாள்.

"அது எனக்கு அப்பவே தெரியும்," என்றார் நெமோதோ.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தனியாக வந்து, புதுக் குச்சிகளைப் பிரித்துத் திரும்பச் செய்து பார்த்தாராம். அதே மாதிரி ஒரு புள்ளி. அதைத்தான் குப்பியில் போட்டு, அவள் பெயரை எழுதி, அடியில் தள்ளி வைத்தாராம்.

அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டாள்.

"சொன்னா பேராசிரியர் என்னை விட்டிருப்பாரா? இன்னும் பத்து வருஷம் அந்தப் புள்ளியையே நோண்டச் சொல்லியிருப்பார். அவர் பிடிச்சுக் குடுத்த வேலையை வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. உன் தட்டு இல்லன்னா நான் வீடு வந்து சேர்ந்திருக்கவே மாட்டேன், மிசாவோ. உன் கை தப்புப் பண்ணாதுன்னு உனக்கே தெரியும்னு இல்ல நினைச்சேன்?"

அவர் சிரித்தார். நன்றாக வாழ்ந்த மனிதனின் சிரிப்பு. பின்னால் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். தொட்டி பொங்குகிறதாம். ஓய்வு பெற்றதும் ஒரு நாள் கட்டாயம் வா, வசந்தத்தில் கடல் நன்றாயிருக்கும் என்றார்.

வருகிறேன் என்றாள்.

அந்த வருடம் அவளும் ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருந்ததை அவள் சொல்லவில்லை. கோபே நகரில் ஒரு பேக்கரியில் ஏப்ரலிலிருந்து வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நெமோதோ கிளம்பிப் போன அன்று மாலை, தனக்காகப் பழி ஏற்றுப் போனவரின் வேலையையும் சேர்த்துச் செய்வதுதான் முறை என்று அந்தக் கடிதத்தை நான்காகக் கிழித்துப் போட்டாள்.