முகூர்த்தப் புடவை இரண்டு

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஒருத்தர்கூட வரலியாம்மா?"

நெசவாளர் முனிரத்தினம் இப்படிக் கேட்டதும் அம்ருதவல்லிக்குப் பகீரென்றது.

முகூர்த்தப் புடவை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் முப்பது வருஷமாகத் தறி ஓட்டுகிறவருக்கு இது தெரியாமல் இருக்குமா?

"அவங்க துபாய்ல இருக்காங்க" என்றாள்.

"ரெண்டு மாப்பிள்ளையுமா?"

"ஆமா, அண்ணன் தம்பி. பொண்ணுங்களும் அக்கா தங்கச்சி."

பொய் என்று இறங்கியபிறகு அதில் என்ன கஞ்சத்தனம்?

பக்கத்தில் நின்ற ஸௌம்யாவும் கலைவாணியும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் அக்கா தங்கையும் இல்லை, துபாயில் மாப்பிள்ளைகளும் இல்லை. அவர்கள் கல்யாணம் செய்துகொள்ளப் போவது ஒருவரை ஒருவர்.

ஐப்பசியில், சென்னையில், அம்ருதவல்லி வீட்டு மொட்டை மாடியில் பத்து நண்பர்கள் முன்னிலையில் கல்யாணம். சின்னக் காஞ்சிபுரத்தில் இருக்கும் ஸௌம்யாவின் அப்பா முரளீதரன் வாத்தியார் காதுக்கு எட்டினால் தீர்ந்தது. பெண்ணை இழுத்து வந்து வீட்டில் பூட்டிவிடுவார். கடைக்குப் போனால் தெரிந்தவர் கண்ணில் பட நேரும் என்றுதான் நேரே தறி வீட்டுக்கே வந்திருந்தார்கள்.

அம்ருதவல்லி பேர்போன வக்கீல். இந்த 2009 ஜூலையில், இப்படிப்பட்டவர்கள் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று டெல்லி ஹைகோர்ட் சொன்னதிலிருந்து அவளுக்கு ஓய்வே இல்லை. 'அது போதாது, கல்யாண உரிமையும் வேண்டும். இனி யாரும் பயந்து ஒளிய வேண்டாம், தைரியமாக வெளியே சொல்லுங்கள்' என்று ஞாயிறுதோறும் டி.வி.யில் முழங்கிக்கொண்டிருந்தாள்.

தறிக்காரர்கள் எங்கே அதெல்லாம் பார்க்கப் போகிறார்கள், அவர்களுக்கு சீரியல் போதும் என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள்.

முனிரத்தினம் ஸௌம்யாவை உற்றுப் பார்த்தார்.

"நீ முரளீதர சார் பொண்ணு மாதிரி இருக்கியே பாப்பா? எங்க பையனுக்கு கணக்கு சொல்லிக்குடுத்தவரு."

"இல்லீங்க, நாங்க மெட்ராஸ்" என்று அம்ருதவல்லி முந்திக்கொண்டாள்.

"அப்படியா?" என்றார். அந்த 'அப்படியா' அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்கத் தனியாக வந்தாள். உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. இவள் தலையைக் கண்டதும் நின்றுவிட்டது.

தறியிடம் போகப் பார்த்தவளை முனிரத்தினத்தின் மனைவி வடிவாம்பாள் வழிமறித்தாள்.

"உள்ள போவாதீங்கம்மா. முடியட்டும், பார்த்துக்கலாம்."

"ஒரு பார்வை பார்க்கிறதுல என்னங்க?"

"வேணாம்மா."

போதாக்குறைக்கு முனிரத்தினம் வேறு, "முரளீதர சாரை வரதர் கோயில்ல பார்த்தேன்" என்றார்.

"என்ன பேசினீங்க?"

"என்னாத்த பேசறது? வணக்கம் சொன்னேன்."

அன்றிலிருந்து அம்ருதவல்லிக்கு நிம்மதி போயிற்று. இந்த ஆள் சொல்லியிருப்பான், இல்லாவிட்டால் சொல்லத்தான் போகிறான். டெலிபோன் அடித்தால்கூட வாத்தியாராக இருக்குமோ என்று பதறினாள்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு புடவைகளை வாங்க வந்தாள். மஞ்சள் துணியில் சுற்றி ஒரே மூட்டையாகக் கொடுத்தார்கள். அங்கேயே பிரித்தாள். அரக்கும் மயில்கழுத்துப் பச்சையும் கண்ணைப் பறித்தன. ஆனால் ஒன்றை எடுத்தால் மற்றது கூடவே வந்தது.

தறியில் அடுத்தடுத்து நெய்யும் புடவைகளை அறுத்துத் தனித்தனியாகக் கொடுப்பதுதான் வழக்கம். இவர் அறுக்கவே இல்லை. முந்தானையும் முந்தானையும் ஒட்டிக்கொண்டு கிடந்தன.

அம்ருதவல்லிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"விஷயம் தெரிஞ்சுபோச்சு, அதான் கட்ட முடியாதபடி வேணும்னே இப்படிப் பண்ணியிருக்கீங்க! ரெண்டு பொண்ணுங்க கல்யாணம் பண்ணிக்கிட்டா உங்களுக்கு என்ன? வாத்தியார்கிட்ட சொல்லியாச்சா?"

மறைத்து வைத்ததையெல்லாம் அவள் வாயே கொட்டிவிட்டது.

முனிரத்தினம் பதறவே இல்லை.

"விஷயம் மொத நாளே தெரியும்மா. அக்கா தங்கச்சியா இருந்தா அவங்கவங்களுக்குத்தான் கலர் பார்ப்பாங்க. இவங்க அவளுக்கு இவ, இவளுக்கு அவன்னு பார்த்துக்கினு இருந்தாங்க!"

"ஞாயித்துக்கெழம நீங்க டி.வி.ல பேசறத கேட்டுக்கினேதான் இவரு தறி ஓட்டுவாரு" என்றாள் வடிவாம்பாள். "நீங்க பேசனது நல்லா இருக்குதுன்னு சொல்லுவாரு. ஊருக்கெல்லாம் தைரியம் சொல்லிட்டு, எங்ககிட்ட மட்டும் ஏம்மா துபாய் கதை?"

அம்ருதவல்லி கூனிக் குறுகிப் போனாள். அவர்களைத் தலை நிமிர்ந்து பார்க்கவே வெட்கமாக இருந்தது.

"அப்போ வாத்தியார்கிட்ட..."

"ஒரு வார்த்தை சொல்லலம்மா. பாப்பா நல்லா இருக்கட்டும்."

"அப்புறம் ஏங்க அறுக்காம விட்டீங்க?"

முனிரத்தினம் முந்தானைகள் சேரும் இடத்தைத் தடவிக்கொடுத்தார்.

"கல்யாணத்துல முந்தானைல முடிச்சுப் போட ரெண்டு வீட்லேர்ந்தும் யாரும் வர மாட்டாங்கல்லம்மா... அதான், நாங்களே தறியில போட்டு வெச்சுட்டோம்."