ஆறவெச்சு அனுப்பு

"நான் சொல்றதைச் சொல்றதுக்கு இவ்வளவு பில்லா? எங்கேம்மா ஓட்டை இருக்கு?"

முதலாளி போட்ட சத்தத்தில் மேனேஜரம்மா எழுந்தே நின்றுவிட்டாள்.

லிஃப்ட் ரிப்பேர் கம்பெனி அது. ஆபீஸில் முதலாளிக்கு வைத்திருக்கும் பெயர் குக்கர். விசில் வராத நாளே கிடையாது.

அங்கே மூன்று ஏஐ ஏஜென்ட்டுகள் வேலை பார்த்தன. ஒன்று புகார்களை வாங்கிக்கொள்ளும். இன்னொன்று ஸ்பேர் பார்ட்ஸ் ஆர்டர் போடும். மூன்றாவதற்குத் தபால்காரன் என்று பெயர். முதலாளி போனில் பேசுவதை எழுதி, யாருக்குச் சொன்னாரோ அவருக்கு மெசேஜ் அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. செலவில் மட்டும் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டிருந்தது.

"யாரோ விளையாடறாங்க. யாருன்னு தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சிடுவேன்!"

"நான்தான் சார்," என்றாள் மேனேஜரம்மா.

கதவோரம் ஸ்பேர் வாங்க வந்து நின்ற மெக்கானிக் இரண்டடி பின்னால் போனான்.

மேனேஜரம்மா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். "அது எழுதற ஒவ்வொரு வார்த்தைக்கும் காசு சார். உங்க மெசேஜை மட்டும் அது திரும்பத் திரும்ப எழுதுது. இதோ பாருங்க, போன வாரம் இந்த மெக்கானிக்குக்கு நீங்க சொன்னது. ஏழு சுற்று."

"ஏன், அதுக்குக் காது கேக்கலையா?"

"அதுக்குக் கொடுத்திருக்கற உத்தரவுல நான் ஒரு வரி சேர்த்து வெச்சிருக்கேன்."

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். 'முதலாளி சொல்வதை ஆறவெச்சு அனுப்பு. சூடு போகும்வரை திரும்ப எழுது.'

அதற்குக் கீழே அவர் பேசியது இருந்தது: 'கண்ணைப் பொடனியிலயா வெச்சிருக்கே? லிஃப்ட் கதவு வயரை மாத்தி மாட்டிட்டு வந்திருக்கே! இனிமே இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்காதே!'

முதல் சுற்றில்: 'வேலை சரியில்லை. இனி வர வேண்டாம்.'

ஏழாவது சுற்றில்: 'கதவு வயரை இன்னொரு தடவை பாருங்கள். சந்தேகம் இருந்தால் உடனே என்னைக் கூப்பிடுங்கள்.'

முதலாளி மெக்கானிக்கைப் பார்த்தார். "அதான் மறுநாள் சிரிச்சுக்கிட்டே வந்து நின்னியா?"

"நீங்க நல்லவிதமா சொல்லியிருந்தீங்களேன்னு..."

"திட்டினாதான் வேலை நடக்கும்னு நான் ஊரெல்லாம் பெருமை பேசிட்டிருக்கேன்டா!"

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. இடம் தெரிந்து விழுங்கிக்கொண்டான்.

"மூணு நல்ல ஆளுங்க உங்க வாய்க்குப் பயந்து ஓடிப்போனாங்க சார். அதுக்கப்புறம்தான் இதைப் போட்டேன்," என்றாள் மேனேஜரம்மா. "உங்களைக் கேக்காம போட்டது தப்புதான்."

"தப்பா? என் வாயை என்னைக் கேக்காமலே தச்சிருக்கீங்க!"

விருட்டென்று தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கண்ணாடி வழியே பார்த்தால், போனை வாயருகே வைத்துக்கொண்டு கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். குரல் வெளியே கேட்கவில்லை.

மேனேஜரம்மாவின் போன் சிணுங்கியது. தபால்காரன்தான்.

'அந்த வரி அப்படியே இருக்கட்டும். நீங்களும் இருங்க. செலவை நான் பாத்துக்கறேன்.'

மெக்கானிக் எட்டிப் பார்த்தான். "நம்பாதீங்கக்கா. இது ஆறினது. உள்ள என்ன கொதி கொதிச்சுதோ!"

அது அவளுக்கும் தெரியும். அவள் போட்ட வரி அவளுக்கே வேலை செய்கிறது. இந்த வேலை போனால் இந்த வயதில் வேறு எங்கே போய் நிற்பது? தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பைக்குள் வைத்தாள். மேஜை மேலிருந்த மகளின் போட்டோவையும் வைத்தாள்.

"என்னதான் சொன்னாருன்னு பாத்துட்டாவது போங்கக்கா. எத்தனை சுற்று?"

"பத்துக்குக் குறையாது."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டே செலவுப் பக்கத்தைத் திறந்தாள். கடைசி மெசேஜைத் தேடினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள்.

பிறகு பையை இறக்கி, போட்டோவை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

"எத்தனைக்கா?"

"ஒண்ணே ஒண்ணுதான். ஆறவைக்க அதுல சூடே இல்லையாம்."