ஊறப் போட்ட பைன் காய்கள்

பெரிய மருமகளுக்கு இவ்வளவு கெட்ட மனசா என்று மாமியாருக்கு ஆறவே இல்லை.

பனிக்காலம் வந்தால் அந்த வீட்டு வாசல் கதவில் பைன் காய்களால் ஆன ஒரு வளையம் தொங்கும். மருமகளாக வந்ததிலிருந்து அதைச் செய்வது பெரியவள்தான். பொறுக்கி வந்த காய்களை ஓவனில் லேசாகச் சூடு காட்டி, இதழ் இதழாக விரிந்ததும் பசை வைத்துக் கம்பி வளையத்தில் ஒட்டுவாள். தெருவே நின்று பார்த்துவிட்டுப் போகும். மாமியாரும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெரியவளின் கைவேலையைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

இந்த வருஷம் பார்த்து, முதுகு வலி என்று சொல்லி, அதைச் சின்னவள் தலையில் கட்டிவிட்டாள் பெரியவள்.

சின்னவள் இந்த வீட்டில் இன்னும் ஒரு பனிக்காலம்கூடப் பார்க்காதவள். இருக்கிற இடம் தெரியாத பெண். அவளுடைய அப்பா அம்மா ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக மகள் வீட்டுக்கு வருகிறார்கள். வந்ததும் அவர்கள் கண்ணில் படப்போவது அந்த வாசல் கதவுதான்.

அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? காய்களை வாளித் தண்ணீரில் ஊறப் போட்டாள். விரிந்திருந்த காயெல்லாம் குளிருக்குப் பயந்த மாதிரி சுருங்கி மூடிக்கொண்டன. அதைப் போய், சொட்டுப் பசைகூட இல்லாமல், கம்பிகளுக்கு நடுவே நெருக்கி நெருக்கிச் செருகினாள். காயட்டும் என்று ஹாலில் ஹீட்டருக்கு மேலே மாட்டினாள்.

மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வௌவால்கள் எப்போது குடி வந்தன என்று விசாரித்தார்.

பெரியவள் சும்மா இருக்கவில்லை.

"ஏம்மா, அழுக்குத் துணி மாதிரி ஊற வச்சிருக்கியே. உங்கம்மா பார்த்தா, பொண்ணுக்கு இங்கே சலவை வேலைன்னு நினைச்சுக்கப் போறாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய்ச் சின்னவள் பக்கத்தில் நின்றாள். அப்படி நின்றது அதுதான் முதல் தடவை.

"தெரிஞ்சவ சொல்லிக் கொடுக்கணும். இல்லேன்னா வாயை மூடிக்கணும். நீ பயப்படாதேம்மா, நான் இருக்கேன்."

அன்று பூராவும் சின்னவளைத் தன் கூடவே வைத்துக்கொண்டாள். அவள் போட்ட டீயைக் குடித்துவிட்டு, நன்றாகத்தானே போடுகிறாள், இத்தனை நாளும் எப்படித் தெரியாமல் போயிற்று என்று யோசித்தாள். படுக்கும்போது சாமியிடம், அந்தப் பெண்ணின் மானத்தைக் காப்பாற்று, பெரியவளுக்கு நல்ல புத்தியைக் கொடு என்று இரண்டையும் சேர்த்தே வேண்டிக்கொண்டாள்.

ஞாயிறு காலை ஹாலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஹீட்டர் சூட்டில் காய்ந்து, அத்தனை காய்களும் மலர்ந்திருந்தன. நெருக்கிச் செருகியிருந்ததால், விரியும்போது ஒன்றின் இதழுக்குள் இன்னொன்று புகுந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு விட்டன. மாமனார் எடுத்து உலுக்கிப் பார்த்தார். ஒன்றுகூட உதிரவில்லை. பெரியவள் ஒட்டுவதெல்லாம் கதவை வேகமாகச் சாத்தினாலே நாலு கீழே விழும்.

சம்பந்தியம்மா வாசலிலேயே நின்று, கதவில் மாட்டியிருந்த அதைத் தடவிப் பார்த்தாள்.

மாமியார், சமையலறையில் இருந்த பெரியவளுக்கும் கேட்கட்டும் என்று, குரலை உயர்த்தியே சொன்னாள். "உங்க பொண்ணு செஞ்சதுதான். இந்த வீட்டுல வேற யாருக்கும் இந்தக் கை வராது."

சின்னவளின் அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவர்கள் கிளம்பிப் போனதும் மாமியார் சின்னவளைத் தனியாகக் கூப்பிட்டாள். இனிமேல் வாசல் கதவு அவளுடையது என்று சொன்னாள். பெரியவளை இப்போதே நிற்க வைத்து நாலு வார்த்தை கேட்கப் போவதாகவும் சொன்னாள்.

சின்னவள் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம் அத்தை. ஊறப் போட்டுச் செருகச் சொன்னதே அக்காதான். அவங்களுக்கு முதுகு வலியெல்லாம் ஒண்ணும் இல்லை. தான் சொல்லிக் கொடுத்ததா மூச்சு விடக் கூடாதுன்னுட்டாங்க."

"அப்புறம் எதுக்கு உன்னை எல்லார் முன்னாலயும் அப்படிக் கேலி பண்ணினா?"

"நானும் அதைத்தான் கேட்டேன் அத்தை. 'நான் உன்னைப் புகழ்ந்தா, எனக்கு எவ்வளவு நல்ல மனசுன்னு அத்தை என்னையேதான் புகழ்வாங்க. நான் திட்டினாத்தான் உன்னைத் திரும்பிப் பார்ப்பாங்க'ன்னாங்க."