நடுவாசல்

"ஒரே ஒரு வாட்டி ஐயா. பொண்ணு நடுவாசல் வழியா வந்து தாலி கட்டிக்கினு பூடும். அப்பறம் நாங்க எப்பவும் போல பக்கவாசல்லயே வந்துக்கினு கீறோம்."

லூர்தம்மாள் கைகட்டி நின்றாள். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் தொடங்க இன்னும் நேரமிருந்தது.

சுங்குவார்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்தச் சின்ன மாதா கோயிலில், பாதிரியாருக்கு அடுத்தபடி உபதேசியார் சவரிமுத்துதான். பாதிரியார் மாதம் ஒருமுறை வந்து போகிறவர் என்பதால், மற்ற நாட்களில் பாதிரியாருக்கு மேலேயும் அவர்தான்.

"உன் பொண்ணு என் பொண்ணு மாதிரி லூர்தம்மா. ஆனா வழக்கம்னு ஒண்ணு இருக்கே? ஊர்க்காரங்க நடுவாசல், காலனிக்காரங்க பக்கவாசல். நானா வச்சேன்?"

"மாப்ள வூட்டாரு பெரம்பூருங்க. அங்க இதெல்லாம் கெடையாதாம். பொண்ணை ஓரமா இட்டுக்கினு வந்தா, எங்களுக்கு இந்த அவமானம் வாணாம்னு எழுந்து பூட்டாங்கன்னா நான் இன்னா ஐயா பண்ணுவேன்?"

சவரிமுத்து பதில் சொல்வதற்குள் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. எழுபத்தெட்டாம் வருஷம். அந்தப் பக்கத்தில் ஜீப் வந்தாலே ஜெபத்தை மறந்து எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள்.

இறங்கியவர் நல்ல உயரம், நல்ல கறுப்பு. தலையில் சிவப்பு, மஞ்சள், பச்சையில் பின்னிய தொப்பி. அதற்குள் அடங்காமல் சடை சடையாக முடி.

"சாமியாரா?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஜமைக்காக்காரரு. பேரு டெல்ராய். எங்க கம்பெனியில டிரெயினிங்குக்கு வந்துகீறாரு" என்றான் டிரைவர் பச்சையப்பன். "பைபிள் படிக்கிற எடம் எங்கன்னு கேட்டாரு. இட்டாந்தேன்."

சவரிமுத்து பட்டாளத்தில் இருந்தவர். இங்கிலீஷ் வரும். "நீங்க கத்தோலிக்கரா, புராட்டஸ்டன்டா?" என்று கேட்டார்.

"ராஸ்தாஃபாரி. மெசியா திரும்பி வந்துட்டார்னு நம்புறவங்க."

"வந்துட்டாரா? எங்கே?"

"எத்தியோப்பியாவுல. ராஜாவா முடிசூட்டிக்கிட்டார். ஹெய்லே செலாசி."

சவரிமுத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? மெசியா ஆப்பிரிக்காவுல ராஜாவா வந்துட்டாராம்!"

கூட்டம் வாயைப் பிளந்தது. லூர்தம்மாளும்தான்.

"அந்த ராஜா செத்துட்டாரே! பேப்பர்லயே போட்டானே!" என்று மடக்கினார் சவரிமுத்து.

"உங்க மெசியாவும் செத்துட்டார்னு அன்னிக்கு ஊரே சொல்லுச்சு. நீங்க நம்பினீங்களா?"

சவரிமுத்து கையை மேலே தூக்கி வானத்தைக் காட்டினார். "அது வேற! வரப்போறவர் மேகத்து மேல வருவார். வெள்ளை வெளேர்னு வருவார்!"

"வெள்ளைன்னு பைபிள்ல எந்த அதிகாரத்துல இருக்கு?"

சவரிமுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நிறத்தில் அவருக்கும் வந்தவருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பவுடர்தான் கொஞ்சம் கூட.

"மெசியாவையே மாத்துறவனுக்கு இந்தக் கோயில்ல இடமில்லை! வண்டியில ஏத்துப்பா!" என்று கத்தினார்.

பச்சையப்பன் அவர் காதோரம் வந்தான். "மெதுவா ஐயா. மேனேஜர் வூட்லதான் தங்கிக்கினு கீறாரு. ரெண்டு பேரும் ஒண்ணா சாப்புடுறவங்க."

சவரிமுத்துவின் மகன் அதே கம்பெனியில் டெம்பரரி. அவனை நிரந்தரமாக்குவது மேனேஜர் கையில் இருந்தது.

உபதேசியாரின் முகத்தில் அப்போது இறங்கிய சாந்தத்தைப் பார்க்க வேண்டுமே! திவ்ய நற்கருணை வாங்கும்போதுகூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை.

"ஏசுசாமி யாரையாவது வாசல்ல நிறுத்தினாரா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "ஆண்டவர் சந்நிதியில மேல ஏது, கீழ ஏது? நம்பிக்கைன்னா ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்னபின்னதான் இருக்கும். வழக்கம், வழக்கம்னு பார்த்துக்கிட்டிருந்தா முடியுமா? கம் சார், கம்!"

டெல்ராயின் கையைப் பிடித்து நடுவாசல் வழியாக அவரே அழைத்துப் போனார். பாதிரியாரின் கைவைத்த நாற்காலி பீடத்துக்கு முன்னால் வந்தது. விசிறிவிடவும் ஓர் ஆள் ஏற்பாடானது.

ஊர்க்காரர்கள் பின்னாலேயே உள்ளே போனார்கள். காலனிக்காரர்கள் பக்கவாசலுக்குத் திரும்பினார்கள். லூர்தம்மாள் மட்டும் திரும்பவில்லை. நடுவாசல் படிக்குக் கீழே வந்து நின்றாள்.

"இன்னும் என்ன லூர்தம்மா?" என்றார் வாசலுக்குத் திரும்பி வந்த சவரிமுத்து.

"எங்க பாட்டன் காலத்துலேர்ந்து ஏசுசாமிதான் மெசியான்னு சொல்லிக்கினு பக்கவாசல்லயே நிக்கிறோம். அந்தக் கறுப்பு ராஜாதான் மெசியான்னு நானும் சொல்லிட்டா, எம் பொண்ணு இப்டிக்கா வரலாமா ஐயா?"