லேசான மிதி

இடது முட்டியைப் பிடித்துக்கொண்டே ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து இறங்கினார் அவர். பட்டறைக்காரர் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"என்ன சார், மூஞ்சி தொங்கிக் கிடக்கு?"

"மச்சினன் ஞாயித்துக்கிழமை ஒரு நாள் வண்டி கேட்டான், கொடுத்தேன். வந்ததுலேர்ந்து கிளட்ச் மிதி தொட்டாலே உள்ள போகுது. கிளட்சைக் கருக்கிட்டான்! 'லாரி ஓட்டுற காலுக்கு இந்த வண்டி கேக்குதாடா'ன்னு காலையில போன்ல கிழிச்சிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"'தப்புதான் மாமா'ன்னான்."

பட்டறைக்காரர் மூலையிலிருந்து தேய்ந்து கருகிய பிளேட் ஒன்றைத் தூக்கி வந்தார்.

"இதுதான் சார் உங்க பழைய கிளட்ச் பிளேட்டு. தேய்ஞ்சுபோய் மிதி கல்லாட்டம் ஆயிடுச்சு. அதை மிதிச்சு மிதிச்சுத்தான் உங்க முட்டி போச்சு. இப்ப இருக்கிறது புதுசு."

"யாரு மாத்தினா?"

"உங்க மச்சினன்தான். ஞாயித்துக்கிழமை பூரா இங்கதான் வண்டிக்கடியில படுத்துக் கிடந்தாரு. 'மாமா நொண்டுறதைப் பார்க்க முடியலை. நிஜத்தைச் சொன்னா வண்டியைத் தொட விடமாட்டாரு'ன்னாரு."

அவர் போனை எடுத்து மச்சினனை அழைத்தார்.

"சொல்லுங்க மாமா."



"சாப்பிட்டியாடா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தார்.

மன்னிப்பு இன்னும் பாக்கி.