காக்கைக்கு ஒரு தவளை

மேட்டுக்காட்டுக்கு உண்ணி எடுக்க வைத்தியர் யாரும் வருவதில்லை என்று எருமைகள் கூடிப் பேசி, ஏரிக்கரையிலிருந்து ஒரு கொக்கை வரவழைத்தன. வந்தால் தினமும் குட்டையைக் கலக்கித் தவளை கிளப்பித் தருவதாகப் பேச்சு.

காக்கைக்கு வயிறு எரிந்தது. இத்தனை காலமும் இந்த எருமைகளின் காதுக்குள் அலகை விட்டு உண்ணி எடுத்தது அதுதான். கொக்கோ காதுப் பக்கமே போகவில்லை. வெள்ளை வெளேரென்று முதுகில் நின்றபடி தவளை தவளையாக விழுங்கிக்கொண்டிருந்தது.

"எனக்கும் ஒரு தவளை உண்டா, அக்கா?" என்று மூத்த எருமையிடம் கேட்டது காக்கை.

"உனக்கு எதுக்குடா? நீ எங்கே போயிடப் போறே?" என்ற எருமை, வழக்கம்போலக் காதைச் சாய்த்துக் கொடுத்தது.

காக்கை அந்தக் காதைத் தொடவில்லை. விருட்டென்று பறந்து ஏரிக்கரைக்கே போய், மேட்டுக்காட்டுக்குத் தெரிகிற மாதிரி உயரமான மரத்தில் உட்கார்ந்துகொண்டது. இனி அதுவும் வெளியூர் வைத்தியர்தானே!

குட்டையில் தவளை தீர்ந்ததும் கொக்கு ஏரிக்குத் திரும்பி வந்தது.

"அந்த மூத்த எருமை உன்னைத் தேடி, காதைச் சாய்ச்சுக்கிட்டே திரியுது, பாவம்" என்றது.

"அது கிடக்கட்டும். எனக்குன்னு ஒரு தவளையாவது எடுத்து வச்சிருக்கா?" என்றது காக்கை.